11 ஆட்டம், 15 கோல்: யூஜென் மாயெஸின் பேரேடு

பிரான்ஸ் கால்பந்து அணிக்குக் குறைந்தது 10 ஆட்டமாவது ஆடியவர்களை எடுத்து, ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று வகுத்து வரிசைப்படுத்தினால், மேலே நிற்பவர் ஜுஸ்ட் ஃபோன்டேன். 21 ஆட்டத்தில் 30 கோல், சராசரி 1.43. 1958 உலகக் கோப்பையில் 13 கோல் அடித்தவர் என்பதால் அவர் பெயர் யாருக்கும் புதிதல்ல. அவருக்கு அடுத்து வருகிற பெயரைத்தான் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். யூஜென் மாயெஸ்: 11 ஆட்டம், 15 கோல், சராசரி 1.36. மிஷெல் பிளாட்டினி 72 ஆட்டத்தில் 41 கோல், அதாவது 0.57. தியரி ஹென்றி 123 ஆட்டத்தில் 51, அதாவது 0.41. ஒலிவியர் ஜிரூ 137 ஆட்டத்தில் 57, அதாவது 0.42. இந்த மூவரும் ஒவ்வொரு காலத்தில் பிரான்சின் அதிகபட்ச கோல் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள். மாயெஸின் சராசரி அவர்களுடையதைப் போல இரண்டு, மூன்று மடங்கு.

இந்த எண்ணைக் காட்டியதும் வழக்கமாக ஒரு பதில் வரும். அது 1911 முதல் 1913 வரையிலான காலம், எதிரணிகள் கத்துக்குட்டிகள், ஆடியதே 11 ஆட்டம், ஒரே நாளில் 5 கோல் அடித்ததால் சராசரி வீங்கிவிட்டது என்பார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்லி அந்த 15 கோலை ஓரமாக ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரேட்டின் வரிகளை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அந்த எண் எவ்வளவு கனமானது என்பது தெரியும்.

மாயெஸ் வருவதற்கு முந்தைய பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பிரான்ஸ் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1904 மே 1 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரையொட்டிய உக்கிளில் பெல்ஜியத்துடன் ஆடியது. 3–3. அந்நாட்டின் முதல் கோலை அடித்தவர் லூயி மெனியே. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவைதான் பயங்கரம். 1906-ல் இங்கிலாந்தின் அமெச்சூர் அணியிடம் 0–15. 1908-ல் அதே அணியிடம் 0–12. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சின் இரண்டாம் அணி டென்மார்க்கிடம் 0–9. மூன்று நாள் கழித்து பிரான்சின் முதல் அணி அதே டென்மார்க்கிடம் 1–17. அந்த ஒரே ஆட்டத்தில் சோஃபுஸ் நீல்சன் என்ற டேனிஷ் வீரர் தனியாக 10 கோல் அடித்தார். பிரான்சின் ஒற்றைக் கோல் எமில் சார்டோரியஸுடையது. 1909-ல் இங்கிலாந்திடம் 0–11, 1910-ல் 1–10, அதே 1910-ல் இத்தாலி தன் வாழ்நாளின் முதல் ஆட்டத்திலேயே பிரான்சை 6–2 என்று வீழ்த்தியது.

1904 முதல் 1910 முடிய 17 ஆட்டங்கள். வெற்றி 3, சமன் 1, தோல்வி 13. அடித்தது 16 கோல், வாங்கியது 112. ஆட்டத்துக்கு ஒரு கோல் கூட அடிக்காத, ஆட்டத்துக்கு ஆறரைக் கோல் வாங்கிய அணி அது. இந்த ஏழு ஆண்டுகளில் முழு நாடும் சேர்ந்து அடித்தது 16. அடுத்த இரண்டேகால் ஆண்டில் ஒரே ஆள் அடித்தது 15. மாயெஸைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்ல விரும்பும் கணக்கு இதுதான்.

அந்த வரிசையின் கடைசித் தோல்விகளுக்கு வீரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பிரெஞ்சு விளையாட்டை அப்போது ஆண்டுகொண்டிருந்த பெரிய ஒன்றியம் 1908-ல் ஃபிஃபாவிலிருந்து வெளியேறியது. அந்த இடத்தைப் பிடித்தது 1907-ல் ஷார்ல் சிமோன் நிறுவிய சி.எஃப்.ஐ. என்ற போட்டிக் குழு. கத்தோலிக்க இளைஞர் மன்றங்களின் அணிகள்தான் அதன் அடித்தளம். விளைவு, 1909 முதல் நாட்டு அணியில் இடம் பெற வேண்டுமானால் சிமோனின் பக்கம் உள்ள கிளப்பில் ஆட வேண்டும். நல்ல வீரர்களில் பலர் மறுபக்கத்தில் இருந்தார்கள். இருக்கிற கூட்டத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டு, அதில் ஒரு பாதியிலிருந்து 11 பேரைப் பொறுக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தோல்வியின் அளவு அங்கே தொடங்கிவிடுகிறது.

இன்னொரு குறிப்பும் இங்கே தேவை. இங்கிலாந்தின் அமெச்சூர் அணியோடு ஆடியவற்றைப் பிரான்ஸ் முழு சர்வதேச ஆட்டங்களாகக் கணக்கில் வைத்திருக்கிறது. இங்கிலாந்து அப்படி வைக்கவில்லை. ஒரே ஆட்டம் ஒரு நாட்டுப் பேரேட்டில் உண்டு, மற்றதில் இல்லை. நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பிரெஞ்சுக் கணக்கு.

மாயெஸ் 1890 செப்டம்பர் 15 அன்று பாரிசில் பிறந்தவர். ஒலியே என்ற கத்தோலிக்க இளைஞர் மன்றத்தின் அணியில் ஆட்டம் பழகி, 1910-ல் ரெட் ஸ்டாருக்கு வந்தார். ரெட் ஸ்டார், பின்னாளில் உலகக் கோப்பையை உருவாக்கிய ஜூல் ரிமே 1897-ல் தொடங்கிய கிளப். 1909-ல் அது பாரிசின் வடக்கு விளிம்பில் உள்ள சாந்துவானில் தனக்கென்று ஒரு மைதானம் அமைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பழைய ஒன்றியத்தை விட்டு வெளியேறி, சி.எஃப்.ஐ. பக்கம் உள்ள புதிய லீகில் சேர்ந்தது. 20 வயது முன்கள வீரர் ஒருவருக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. அவர் ஆடிய கிளப் சரியான பக்கத்தில் இருந்தது, அதன் மைதானமே நாட்டு அணியின் சொந்த மைதானம்போல் ஆகியிருந்தது, கோல்காப்பில் பியேர் ஷேரிக் என்ற இன்னொரு ரெட் ஸ்டார் இளைஞர் வளர்ந்துகொண்டிருந்தார்.

1911 ஜனவரி 1 முதல் 1913 ஏப்ரல் 20 வரை பிரான்ஸ் 14 ஆட்டம் ஆடியது. வெற்றி 6, சமன் 2, தோல்வி 6. அடித்தது 32, வாங்கியது 34. முந்தைய 17 ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மாற்றங்கள் கண்ணில் படும். வாங்கிய கோல் ஆட்டத்துக்கு 6.6-லிருந்து 2.4-ஆகக் குறைந்தது. அடித்த கோல் 0.94-லிருந்து 2.3-ஆக உயர்ந்தது. முதலாவதில் ஷேரிக்குக்குப் பெரும் பங்கு உண்டு; அவர் 1911 அக்டோபரில்தான் முதன்முதலாகக் கோலைக் காக்க வந்தார். அவர் வருவதற்கு முந்தைய ஐந்து ஆட்டத்தில் பிரான்ஸ் வாங்கியது 20 கோல்; வந்த நாளிலிருந்து ஒன்பது ஆட்டத்தில் 14. இரண்டாவது மாற்றத்தில் மாயெஸின் பங்கு 32-ல் 15. நூற்றுக்கு 47.

அந்த 14-ல் மூன்று ஆட்டத்தில் அவர் இல்லை. அப்படியிருந்தும் ஏறத்தாழப் பாதி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் வேண்டுமென்றால், ஃபோன்டேன் வரலாறு படைத்த 1958 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அடித்தது 23, அதில் ஃபோன்டேனுடையது 13; நூற்றுக்கு 57. அது ஒரு மாதத்துக்குள் முடிந்த கதை. ஃபோன்டேனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கக் கோப்பாவும் பியான்டோனியும் இருந்தார்கள். மாயெஸ் பாதிச் சுமையை இரண்டேகால் ஆண்டு தூக்கியிருக்கிறார்.

அந்த 15 கோலில் 9 மூன்றே ஆட்டங்களில் விழுந்தவை. அந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றின் மதிப்பும் ஒன்றல்ல.

முதலாவது டுரின், 1912 மார்ச் 17. இத்தாலி தன் சொந்த மண்ணில் ஆடுகிறது. இதற்கு முன் இரண்டு அணிகளும் சந்தித்தது இரண்டு முறை. ஒன்றில் பிரான்ஸ் 2–6 என்று தோற்றது, இன்னொன்று 2–2. டுரினில் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் இத்தாலி 2–0 என்று முன்னால் போய்விட்டது. பழைய பிரான்சாக இருந்தால் அன்று ஏழெட்டு வாங்கியிருக்கும். முடிவு 4–3, பிரான்சுக்கு. நான்கில் மூன்று மாயெஸ், ஒன்று மெனியே. மாயெஸின் மூன்றை அழித்துவிட்டுப் பாருங்கள், முடிவு 1–3 தோல்வி. இத்தாலியைப் பிரான்ஸ் வென்ற முதல் ஆட்டம் இது. இத்தாலிய மண்ணில் அடுத்த வெற்றிக்குப் பிரான்ஸ் எவ்வளவு காலம் காத்திருந்தது? டுரினில் 1914-ல் தோல்வி, மிலானில் 1920-ல் 4–9, டுரினில் 1925-ல் 0–7, போலோனியாவில் 1931-ல் 0–5. 1994 பிப்ரவரி 16 அன்று நேப்பிள்ஸில் யூரி ஜோர்கயெஃப் அடித்த ஒற்றைக் கோலில்தான் அடுத்த வெற்றி வந்தது. இடைவெளி 82 ஆண்டு. மாயெஸின் பேரேட்டில் எனக்கு மிக உயர்ந்த வரி இதுதான்; 5 கோல் அடித்த நாளுக்கும் மேலே இதை வைப்பேன்.

இரண்டாவது, 1913 ஜனவரி 12, சாந்துவான். மறுபடி இத்தாலி. முடிவு 1–0. அந்த ஒன்று மாயெஸுடையது. சமன் ஆகவேண்டியதை வெற்றியாக்கிய கோல். எண்ணிக்கையில் சிறியது, விலையில் பெரியது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு அணி ஒரு கோலைக் கூட வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடிப்பதே அபூர்வம். 1904 முதல் அன்றுவரை ஆடிய 26 ஆட்டத்தில் அப்படி நடந்தது ஒரே ஒரு முறை, 1905-ல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 1–0 என்று வென்றபோது.

மூன்றாவது, 1913 ஏப்ரல் 20, மீண்டும் சாந்துவான். பிரான்ஸ் 8, லக்சம்பர்க் 0. எட்டில் ஐந்து மாயெஸ். இந்த ஆட்டத்தின் மதிப்பைக் குறைக்க விரும்புபவர்களுக்கு நானே எண்களை எடுத்துத் தருகிறேன். அப்போது பிரான்சின் மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடியே 96 லட்சம். லக்சம்பர்க்கில் 2 லட்சத்து 60 ஆயிரம். ஒருவருக்கு 150 பேர் என்ற விகிதம். லக்சம்பர்க் என்ற நாடு தன் வரலாற்றில் ஆடிய இரண்டாவது சர்வதேச ஆட்டம் அது. முதலாவதும் பிரான்சோடுதான், 1911-ல், 1–4. மாயெஸின் ஐந்தையும் கழித்தாலும் பிரான்ஸ் 3–0 என்று வென்றிருக்கும். ஆக, அவருக்குப் புகழ் தேடித்தந்த 5 கோல் ஆட்டத்தின் முடிவை மாற்றவில்லை. புகழ் தேடித்தராத அந்த ஜனவரிக் கோல் மாற்றியது.

சரி, அந்த வீக்கத்தை வெட்டியெடுத்துவிட்டே கணக்குப் போடுவோம். லக்சம்பர்க் ஆட்டத்தை முழுவதுமாக நீக்கினால் மாயெஸுக்கு 10 ஆட்டத்தில் 10 கோல். ஆட்டத்துக்கு ஒன்று. இதே கத்தியை மற்றவர்களிடமும் வைக்க வேண்டும், இல்லையென்றால் அது கணக்காகாது. ஃபோன்டேனின் 1958 உலகக் கோப்பை ஆட்டங்கள் ஆறையும் 13 கோலையும் நீக்கினால் அவருக்கு 15 ஆட்டத்தில் 17, சராசரி 1.13. ஃபோன்டேன் நாட்டு அணிக்கு முதன்முதலாக ஆடியது 1953 டிசம்பரில். அன்றே மூன்று கோல் அடித்தார். எதிரணி லக்சம்பர்க். முடிவு 8–0. நாற்பது ஆண்டு கழித்து அதே எதிரணி, அதே எண்ணிக்கை. அந்த மூன்றை யாரும் ஃபோன்டேன் கணக்கிலிருந்து கழிப்பதில்லை. மாயெஸின் ஐந்தை மட்டும் கழிக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டுரினையும் சேர்த்து வெட்டினால்? 9 ஆட்டத்தில் 7 கோல், 0.78. தன் மிகச் சிறந்த இரண்டு நாளையும் பறிகொடுத்த பிறகும் அவர் பிளாட்டினிக்கு மேலே நிற்கிறார்.

அந்த நாளைய ஆட்ட விதிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1925 வரை ஆஃப்சைடு விதி இப்போது இருப்பதைவிடக் கடுமை. பந்து தன்னிடம் அனுப்பப்படும் நொடியில் முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். இப்போது இரண்டு பேர் போதும். கோல்காப்பாளரைக் கழித்தால், இரண்டு தடுப்பாளர்களில் ஒருவர் சில அடி முன்னால் நகர்ந்து நின்றாலே எதிரணியின் தாக்குதல் செத்துவிடும். அந்த விதியை மூன்றிலிருந்து இரண்டாக மாற்றியதும் உலகெங்கும் கோல் எண்ணிக்கை குபீரென்று ஏறியது. மாயெஸ் அடித்த 15-ம் அதற்கு முந்தைய காலத்தவை. மாற்று வீரர் என்ற ஏற்பாடும் கிடையாது. அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், முடியாவிட்டால் அணி பத்துப் பேரோடு முடிக்க வேண்டும்.

அவருடைய பெரும் ஆயுதம் தலை. பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போடும் பந்தை முட்டிக் கோலாக்குவதில் அந்தத் தலைமுறையில் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை என்று பெயர் வாங்கினார். ஆட்டம் தொடங்கும்போது பந்து 13 முதல் 15 அவுன்ஸ் இருக்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் 370 முதல் 425 கிராம். தொடங்கும்போது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பந்து தோல் துண்டுகளைத் தைத்துச் செய்தது. உள்ளே காற்றுப்பை, வாயில் நாடா முடிச்சு. மழையில் தோல் நீரைக் குடித்துக் கனக்கும். பிரான்ஸ் ஆடியதெல்லாம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில். சேறு, ஈரம், குளிர். அந்த நனைந்த தோலை, நாடா முடிச்சு நெற்றியில் படும் என்று தெரிந்தே, ஓடி வந்து முட்டியிருக்கிறார். இந்த வலியை அளந்து எழுதப் பேரேட்டில் பத்தி இல்லை.

பண வரவுப் பத்தியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிரான்சில் கால்பந்து வீரருக்குச் சம்பளம் தருவது சட்டபூர்வமானது 1932-ல். மாயெஸ் நாட்டுக்காகக் கடைசியாக ஆடி 19 ஆண்டு கழித்து. அவர் அடித்த 15 கோலுக்கும் கூலி என்று பதிவேட்டில் எழுதக்கூடிய தொகை பூஜ்யம். முதல் உலகக் கோப்பையின் முதல் கோலை 1930-ல் அடித்த லூசியன் லோரான் கூட பெஜோ மோட்டார் ஆலையில் வேலை பார்த்தவர்தான்.

லக்சம்பர்க்குக்கு எதிரான அந்த 8–0 மாயெஸின் கடைசி சர்வதேச ஆட்டமாகிவிட்டது. வயது 22 ஆண்டு 7 மாதம். ஃபோன்டேனின் கால் முறிந்து, நாட்டு அணிக்கான ஆட்டம் முடிந்தபோது அவருக்கு வயது 27. அதையே சோகம் என்று எழுதுகிறோம். கடைசி ஆட்டத்தில் 5 கோல் அடித்துவிட்டு நின்றுபோனவர் வேறு யாரும் பிரெஞ்சுப் பட்டியலில் இல்லை.

அவர் இல்லாத பிரான்ஸ் எப்படி ஆடியது? 1914-ன் முதல் ஐந்து மாதத்தில் ஐந்து ஆட்டம். வெற்றி 1, சமன் 1, தோல்வி 3. அடித்தது 11, வாங்கியது 17. அதில் ஒரு தோல்வி 1914 பிப்ரவரி 8 அன்று, 4–5. எதிரணி லக்சம்பர்க். 294 நாளுக்கு முன் 8 கோல் வாங்கிய அதே நாடு, தன் மூன்றாவது ஆட்டத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. மாயெஸ் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நான்கு கோல் அடித்த அணிக்கு முன்களம்தான் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் லக்சம்பர்க் என்றால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் இடம் என்று பேசுபவர்களுக்கு இந்த 4–5 ஒரு பதில்.

1914 மே 31 அன்று புடாபெஸ்டில் ஹங்கேரியிடம் 1–5. அதோடு பேரேட்டில் வெற்றுப் பக்கங்கள் வருகின்றன. அடுத்த ஆட்டம் 1919 மார்ச் 9, பெல்ஜியத்துடன் 2–2. இடையில் நாலேமுக்கால் ஆண்டு. அந்த வெற்றுப் பக்கங்களுக்குள் பிரான்ஸ் இழந்த படைவீரர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். சி.எஃப்.ஐ.யை நிறுவிய ஷார்ல் சிமோன் 1915 ஜூனில் போர்முனையில் இறந்தார்; இன்றைய பிரெஞ்சுக் கோப்பைப் போட்டி அவர் நினைவாகவே 1917-ல் தொடங்கப்பட்டது. மாயெஸ் காயத்தோடு திரும்பினார். 24 முதல் 28 வரையிலான வயது, ஒரு முன்கள வீரருக்கு விளைச்சல் காலம். அது முழுவதும் போருக்குப் போனது.

இந்த நாலாண்டுக்கு எத்தனை கோல் என்று ஒரு மதிப்பு போடலாமா? 1911 முதல் 1913 வரை பிரான்ஸ் ஆண்டுக்குச் சராசரியாக 5 ஆட்டம் ஆடியது. அதே வேகத்தில் போயிருந்தால் போர் விழுங்கிய காலத்தில் 20 ஆட்டமாவது வந்திருக்கும். லக்சம்பர்க் ஆட்டத்தை வெட்டிய பிறகு மிஞ்சிய ஆட்டத்துக்கு ஒன்று என்ற விகிதத்தையே பாதியாகக் குறைத்து வைத்தாலும் இன்னும் 10 கோல். மொத்தம் 25. அப்படி வந்திருந்தால் 1958 வரை யாராலும் அதைத் தொட்டிருக்க முடியாது. ஏனென்றால் நடந்த கணக்கு இது: மாயெஸின் 15-ஐ 1920-களில் தாண்டியவர் போல் நிக்கோலா, அவரும் ரெட் ஸ்டார் வீரர்தான். 35 ஆட்டத்தில் 20 கோல். அதைத் தாண்டியவர் ழான் நிக்கோலா, 25 ஆட்டத்தில் 21. அதன் பிறகு ஃபோன்டேன். போர் தின்ற 20 ஆட்டம் என்பது என் மதிப்பீடு மட்டும். இருந்தாலும் பற்று எழுதாமல் பேரேட்டை மூட எனக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பிறகு மாயெஸ் பாரிசில் இருக்கவில்லை. நார்மண்டியில் உள்ள கான் நகரத்தில் குடியேறினார். அங்கே ஸ்டாட் மலெர்ப் என்ற, 1913-ல்தான் பிறந்த உள்ளூர் கிளப்புக்கு ஆடினார். 1930 வரை ஆடினார். அப்போது வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாட்டு அணியில் இருந்தது இரண்டேகால் ஆண்டு. இந்த ஊர் அணியில் இருந்தது பத்தாண்டுக்கும் மேல். நாம் முதலாவதை மட்டுமே எழுதி வைத்திருக்கிறோம். கானில் அவர் ஒரு நீச்சல் நிலையம் நடத்தினார். ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். அந்தத் தலைமுறைக் கான்வாசிகள் எத்தனையோ பேருக்கு மாயெஸ் என்றால் நீச்சல் ஆசான், கால்பந்து பிறகுதான்.

1940-ல் ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1943-ல் மாயெஸை ஜெர்மானியக் காவல் பிடித்தது. அங்கிருந்து நாடு கடத்தப்பட்டு, புகன்வால்ட் வதைமுகாம் வழியாக டோராவுக்கு அனுப்பப்பட்டார். டோரா என்பது 1943 ஆகஸ்டு இறுதியில் 107 கைதிகளோடு தொடங்கப்பட்ட முகாம். மலையைக் குடைந்து, அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே வி-2 ராக்கெட்டுகளைத் தயாரிப்பதற்காக ஏற்பட்டது. ஆரம்பத்தில் கைதிகள் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் சுரங்கத்துக்குள்ளேயே படுத்து உறங்கினார்கள். 1945 ஏப்ரல் வரை அந்த முகாமும் அதன் கிளைகளும் சேர்த்து ஏறக்குறைய 60,000 பேரைத் தின்னக் கொண்டுவந்தன. இறந்தவர் ஏறக்குறைய 20,000. மூன்றுக்கு ஒருவர். அங்கே செய்த ராக்கெட்டுகள் விழுந்து இறந்தவர்களைவிட அவற்றைச் செய்யும்போது இறந்தவர்களே அதிகம்.

கான் நகரின் பெரும்பகுதியை நேச நாட்டுப் படைகள் 1944 ஜூலை 9 அன்று மீட்டன. ஊர் விடுதலையானபோது அந்த ஊரின் நீச்சல் ஆசான் ஜெர்மனியில் கைதியாக இருந்தார். அதற்குப் பிறகு 264 நாள் உயிரோடு இருந்திருக்கிறார். 1945 மார்ச் 30 அன்று இறந்தார். வயது 54. அமெரிக்கப் படை டோராவுக்குள் நுழைந்தது ஏப்ரல் 11. வித்தியாசம் 12 நாள்.

அதே காலத்தின் இன்னும் இரண்டு கால்பந்துக் கணக்குகளை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ரினோ டெல்லா நெக்ரா, ரெட் ஸ்டாரின் இளம் முன்கள வீரர், மனூஷியான் குழுவில் சேர்ந்து ஜெர்மானியரை எதிர்த்தவர். 1944 பிப்ரவரி 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 20. அலெக்சாந்தர் வில்லாப்லான், 1930-ல் முதல் உலகக் கோப்பைக்குப் பிரான்சை வழிநடத்திய தலைவர், 25 ஆட்டம் ஆடியவர். கெஸ்டாப்போவோடு சேர்ந்து சொந்த நாட்டவரைக் கொன்ற குற்றத்துக்காக 1944 டிசம்பர் 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மூவரும் பிரெஞ்சு ஆட்டக்காரர்கள். பத்து வரி இடைவெளியில் ஒரே அகராதிக்குள் அடங்கிவிடக்கூடியவர்கள். ஆட்டங்களின் எண்ணிக்கையில் வில்லாப்லான்தான் மூவரில் அதிகம்.

மாயெஸ் இறந்த பிறகும் அவருடைய வரிகளை மற்றவர்கள் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 11 அன்று தாதே சிசோவ்ஸ்கி, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பெல்ஜியத்துக்கு எதிராக 5 கோல் அடித்தார், பிரான்ஸ் 6–3. 43 ஆண்டுக்குப் பிறகு இரண்டாவது ஆள். சிசோவ்ஸ்கியின் எதிரணி லக்சம்பர்க்கைவிடப் பல படி மேல் என்பதை மறைக்கத் தேவையில்லை. அவருடைய மொத்தக் கணக்கு 13 ஆட்டத்தில் 11 கோல். அந்த ஐந்தைக் கழித்தால் 12 ஆட்டத்தில் 6. எட்டுக் கோல் வித்தியாசத்தை மிஞ்சி பிரான்ஸ் ஓர் ஆட்டத்தை வெல்ல 1995 வரை ஆனது, அசர்பைஜானுக்கு எதிராக 10–0. அவர் நீச்சல் கற்றுக்கொடுத்த கான் நகரத்தின் பெரிய நீச்சல் வளாகத்துக்கு யூஜென் மாயெஸ் என்று பெயர்.

5 கோல் வரிசையில் மூன்றாவது பெயர் ஏறும் என்று எல்லோரும் நினைத்த ஒரு நாளும் வந்தது. 2021 நவம்பர் 13, பாரிஸ், எதிரணி கசக்ஸ்தான். எம்பாப்பே 32-வது நிமிடத்திலேயே மூன்று கோலை முடித்துவிட்டார். நான்காவது வர 87-வது நிமிடம் ஆனது. ஆட்ட முடிவு 8–0, கணக்கு நான்கிலேயே நின்றது. 2023 நவம்பரில் ஜிப்ரால்டருக்கு எதிராகப் பிரான்ஸ் 14–0 என்று தன் மிகப் பெரிய வெற்றியைப் பெற்றபோது கூட ஒரே ஆள் அடித்ததில் அதிகபட்சம் மூன்று.